பூன் லேயில் களிமண், தெம்பனிசில் மணல்: ஏன் இப்படி?

‘சிங்கப்பூரில் கனிமவளமே இல்லை’ என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். தங்கம், இரும்பு, நிலக்கரி, எண்ணெய் என்று பார்த்தால் அது சரிதான். ஆனால் பாறை, மணல், களிமண் ஆகியவையும் நிலம் தரும் வளங்களே. அவை இந்தச் சிறிய தீவில் உண்டு. ஒரு வட்டாரத்தில் இருப்பது இன்னொரு வட்டாரத்தில் இருக்காது. பெரிய நாடுகளில் கனிமங்கள் ஏன் சமமாகப் பரவவில்லை என்பதைப் புரிந்துகொள்ள நம் தீவே ஒரு நல்ல பாடம்.

மேற்கிலிருந்து கிழக்கே

பூன் லே எம்ஆர்டி நிலையத்தில் நிற்பவரின் காலடியில் இருப்பது ‘ஜூரோங் படிவப் பாறை’. ஏறத்தாழ 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆறுகளும் கடலும் அடுக்கடுக்காகப் படியவைத்த மணலும் சேறும் இறுகி மணற்கல்லாகவும் சேற்றுக்கல்லாகவும் மாறின. இடையிடையே சுண்ணாம்புக்கல்லும் உண்டு. மழையிலும் வெயிலிலும் சிதைந்த இந்தப் பாறைகள் நல்ல களிமண்ணைத் தந்தன. அதனால்தான் ஜூரோங்கில் ஒரு காலத்தில் செங்கல் சூளைகளும் மண்பாண்டத் தொழிலும் செழித்தன. லோரோங் தாவாசில் 1940ல் கட்டப்பட்ட தாவ் குவாங் டிராகன் சூளையை இன்றும் பார்க்கலாம். ரப்பர் தோட்டங்களில் பால் சேகரிக்கும் கிண்ணங்கள் அந்தச் சூளையில் சுடப்பட்டன.

தீவின் நடுப்பகுதி வேறு கதை. புக்கிட் தீமா கருங்கல், பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து உறைந்த பாறை. வயதில் ஜூரோங் பாறைகளைவிட மூத்தது. வடகிழக்கே உள்ள புலாவ் உபினிலும் இதே வகைக் கருங்கல் கிடைத்தது. 1851ல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு உபின் கல் பயன்பட்டது. 1924ல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கும் உபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கல் போனது. இன்று அந்தக் கல் குவாரிகள் மூடப்பட்டு, பல இடங்களில் நீர் நிறைந்த பூங்காக்களாகிவிட்டன.

கிழக்கே தெம்பனிஸ், பிடோக் வட்டாரங்களில் இருப்பது ‘பழைய வண்டல்’. பழங்கால ஆறுகள் அடித்து வந்து சேர்த்த மணலும் சரளைக்கல்லும் அதில் உண்டு. கட்டுமானத்துக்கு அங்கே மணல் தோண்டினார்கள். பிடோக் நீர்த்தேக்கமே ஒரு காலத்தில் மணல் குவாரியாக இருந்த இடம்தான். காலாங் போன்ற தாழ்வான ஆற்று முகத்துவாரங்களில் மென்மையான கடற்களிமண் படிந்துள்ளது. கடைசிப் பனியுகத்துக்குப் பிறகு கடல்மட்டம் உயர்ந்தபோது அதன் மேலடுக்கு உருவானது.

கனிமங்களைப் பிரித்தது யார்?

மூன்று வேலைக்காரர்கள் கனிமங்களை இடம் பிரித்து வைக்கிறார்கள்.

முதலாவது, வெப்பம். பாறைக்குழம்பு குளிரும்போது அதிலிருந்து வெளியேறும் சூடான நீர், உலோகங்களைக் கரைத்துச் சென்று பாறை வெடிப்புகளில் படியவைக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்துக்குத் தொடக்கம், அருகிலுள்ள மலைத்தொடரின் கருங்கல்தான். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம்.

இரண்டாவது, சிதைவு. கருங்கல் மழையில் சிதையும்போது அதிலுள்ள குவார்ட்ஸ் மணலாகிறது. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிறது. ஒரே பாறை, இரண்டு வளங்கள்!

மூன்றாவது, ஓடும் நீர். அது எடை பார்த்தும் அளவு பார்த்தும் பொருள்களைப் பிரிக்கிறது. ஈயத்தாது மணலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் அடர்த்தி கொண்டது. அதனால் கிந்தா ஆறுகளில் மணல் தூரம் போக, ஈயத்தாது அருகிலேயே தங்கிவிட்டது. தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலைகள் இதே வேலையைச் செய்கின்றன. இல்மனைட், மோனசைட் போன்ற கனமான கனிமங்கள் அங்கே கரையில் குவிந்து கருமணலாகத் தெரிகின்றன.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்குக் காரணம் வேறு. பழங்காலச் சதுப்பு நிலங்களில் புதைந்த தாவரங்கள் அங்கே நிலக்கரியாயின. ஆக, ஓர் இடத்தில் என்ன கிடைக்கும் என்பதை அந்த இடத்தின் பழைய வரலாறுதான் தீர்மானிக்கிறது. இன்று நாம் வரையும் எல்லைக்கோடு அதற்குத் தெரியாது.

இல்லாத நாடு என்ன செய்யும்?

சிங்கப்பூரில் ஈயச் சுரங்கம் இருந்ததில்லை. ஆனாலும் 1890 முதல் புலாவ் பிரானியில் ஈய உருக்காலை இயங்கியது. தீபகற்பத்திலிருந்து தாது கப்பலில் வந்தது, உலோகமாகி உலகச் சந்தைக்குப் போனது. இன்று ஜூரோங் தீவில் எண்ணெய் சுத்திகரிப்பும் அப்படியே. கச்சா எண்ணெய் நம்முடையதல்ல, துறைமுகமும் தொழில்திறனும் நம்முடையவை.

பாறையே ஒரு வளமாகவும் முடியும். ஜூரோங் தீவின் அருகே, நிலத்துக்கு ஏறத்தாழ 130 மீட்டர் அடியில் குடையப்பட்ட ஜூரோங் பாறைக் குகைகள் 2014ல் திறக்கப்பட்டன. அவற்றின் கொள்ளளவு 1.47 மில்லியன் கன மீட்டர். அதாவது, ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் ஏறத்தாழ 590 கொள்ளும் அளவு. எண்ணெய் ஏன் கசிவதில்லை? சுற்றியுள்ள பாறை வெடிப்புகளில் இருக்கும் நிலத்தடி நீரின் அழுத்தம், உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தைவிட அதிகம். நீர் உள்நோக்கித் தள்ளுவதால் எண்ணெய் வெளியேற வழியில்லை.

மணல் தீர்ந்தால்?

சிங்கப்பூர் சுதந்திரம் பெற்றபோது ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நிலப்பரப்பு, கடலைத் தூர்த்ததால் இன்று 730ஐத் தாண்டிவிட்டது. நிலத்தை மீட்கவும் மணல் வேண்டும், வீவக புளோக்குகளின் கான்கிரீட்டுக்கும் மணல் வேண்டும். அதில் பெரும்பகுதி அண்டை நாடுகளிலிருந்து வந்தது. மணல் அள்ளினால் ஆற்றுப்படுகை ஆழமாகும், கரை அரிக்கும், மீன்கள் வாழும் இடம் அழியும். மலேசியா 1997லும் இந்தோனேசியா 2007லும் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. 2007ல் இங்கே மணல் விலை பலமடங்கு கூடியது. அரசாங்கம் தன் கையிருப்பை வெளியில் விட்டுக் கட்டுமானம் நிற்காமல் பார்த்துக்கொண்டது.

பாலைவன மணலை வாங்கலாமே என்று தோன்றலாம். காற்றில் உருண்டு உருண்டு வழுவழுப்பான அந்த மணல் மிகவும் நுண்ணியது, கான்கிரீட்டில் நன்றாகப் பிடிக்காது. கடல் மணலைக் கழுவாமல் போட்டால் அதன் உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

அதனால் வேறு வழிகளைத் தேடுகிறோம். தெக்கோங் தீவில் கடலைச் சுற்றி அணை கட்டி, உள்ளே இருக்கும் நீரை இறைத்து நிலம் பெறும் முறைக்கு மணல் குறைவாகவே தேவைப்படுகிறது. எரிஆலைகளில் மிஞ்சும் சாம்பலைப் பதப்படுத்தி மணலுக்குப் பதிலாகச் சாலை போடும் சோதனையும் நடந்துள்ளது. இதில் லாபம் இரண்டு: மணல் மிச்சமாகிறது, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்ட செமக்காவ் குப்பைக்கிடங்கின் ஆயுளும் நீள்கிறது. நாம் வீசும் குப்பையைக் குறைப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

செய்து பாருங்கள்

ஒளி ஊடுருவும் போத்தலில் கூழாங்கல், மணல், களிமண் மூன்றையும் போட்டு முக்கால் பங்கு நீர் ஊற்றுங்கள். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஐந்து நிமிடத்திலும் மறுநாளிலும் பார்த்துப் படம் வரையுங்கள்.

சிந்தியுங்கள்

1. போத்தலில் எது முதலில் அடியில் தங்கியது? ஏன்?
2. வேகமாக ஓடும் ஆற்றில் மணலும், அமைதியான முகத்துவாரத்தில் களிமண்ணும் படிவதை இந்தச் சோதனையால் விளக்குங்கள்.
3. ஜூரோங் பாறைக் குகைகளை காலாங் கடற்களிமண்ணில் குடைந்திருக்க முடியுமா? காரணம் கூறுங்கள்.
4. மணலை விற்கும் நாடு, வாங்கும் நாடு இரண்டின் பக்கமும் நின்று ஆளுக்கொரு வாதம் எழுதுங்கள்.