பள்ளி நூலகர் தகுதி: ஜப்பானிய முறை – ஓர் ஆய்வு

நூல்களை அடுக்கிக் காப்பவரே நூலகர் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பள்ளி நூலகரைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. மழையைப் பற்றிப் படிக்க விழையும் ஏழாம் வகுப்பு மாணவனுக்கு எந்நூல் விளங்கும், அஃது எப்பாடத்தோடு இயையும் என்று அறிந்து தருபவரே பள்ளி நூலகர். இதற்கு நூலறிவோடு கற்பிக்கும் அறிவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருவரிடத்தே இணைக்க ஜப்பான் வகுத்துள்ள தகுதிமுறையை இக்கட்டுரையில் காண்போம்.

சட்டமும் தகுதியும்

ஜப்பானில் பள்ளி நூலகச் சட்டம் 1953ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பள்ளிதோறும் நூலகமும், அதன் பணிகளை ஆற்ற ‘ஷிஷோ கியோயு’ எனப்படும் நூலக ஆசிரியரும் இருத்தல் வேண்டும் என அது விதித்தது. இத்தகுதிக்கு ஆசிரியர் உரிமமே அடிப்படையாகும். அதனோடு, கல்வி அமைச்சின் பொறுப்பளிப்பில் பல்கலைக்கழகங்கள் முதலியன நடத்தும் பயிற்சியில் ஐந்து பாடங்களைப் பயின்று 10 மதிப்பலகுகள் பெறுதல் வேண்டும். அப்பாடங்களாவன:

1. பள்ளி நிருவாகமும் பள்ளி நூலகமும்
2. நூலகப் பொருள்களின் தொகுப்பு
3. கற்பித்தலும் பள்ளி நூலகமும்
4. வாசிப்பும் செழுமையான மனிதப் பண்பும்
5. தகவல் ஊடகப் பயன்பாடு

பகுப்பு, பட்டியலாக்கம் ஆகிய நுட்பங்களை முதன்மையாகக் கொண்டது இரண்டாம் பாடம் ஒன்றே. ஏனையவை பள்ளியையும் மாணவரையும் கற்பித்தலையும் நோக்கியவை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

தகுதியும் பணிச்சூழலும்

எனினும், தகுதியை வகுத்த அச்சட்டமே, ‘தற்காலத்திற்கு’ நூலக ஆசிரியரை அமர்த்தாதிருக்கலாம் என்றொரு விலக்கும் அளித்தது. அத்தற்காலம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீண்டது! 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக, 2003 ஏப்ரல் முதல் 12 வகுப்புகளும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகளில் நூலக ஆசிரியர் கட்டாயமாயினர். அவர்களும் பெரும்பாலும் வகுப்பறைப் பணியையும் சேர்த்தே சுமப்பதால் நூலகத்திற்கு நேரம் வாய்ப்பதில்லை.

இக்குறை நோக்கி, நூலகப் பணியையே மேற்கொள்ளும் ‘பள்ளி நூலகர்’ என்னும் பணியாளரை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தில் ஏற்றது. அவரை அமர்த்தப் பள்ளிகள் முயல வேண்டும் என்றதேயன்றிக் கட்டாயமாக்கவில்லை. அவருக்கென 20 மதிப்பலகுகள் கொண்ட மாதிரிப் பாடத்திட்டம் 2016இல் வெளியிடப்பட்டது. ஆயினும் தனி உரிமம் ஏற்படவில்லை. ஆக, உரிமம் உடையவர்க்கு நேரமில்லை. நேரம் உடையவர்க்கு உரிமமில்லை.

முடிவுரை

தகுதி என்பது சான்றிதழோடு முடிவதன்று. அதனைப் பயன்படுத்தும் பணியிடமும் நேரமும் அமைந்தாலன்றி அது கனியாது என்பதே இவ்வாய்வால் நாம் பெறும் உண்மை. நம் நாட்டு நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராவதற்கு முன்னர்க் கணிதம் கற்பித்தவரே. எனவே, நூலகவியல் பயில விழையும் மாணவர்கள் பகுப்பு முறையோடு பயிற்றுமுறையையும் கற்றல் நன்று. பள்ளிகளை நடத்தும் பெரியோர்கள், தகுதி பெற்றவரை அமர்த்துவதோடு, அவர் நூலகத்தில் இருப்பதற்குரிய பாடவேளைகளையும் ஒதுக்கித் தருவார்களாயின், பூட்டிய அலமாரிகள் தாமே திறக்கும்.