நாணயமும் தாளும்

‘நாணயம்’ என்னும் ஒரு சொல்லைக் காசுக்கும் வாய்மைக்கும் பொதுவாக வழங்குவது நம் வழக்கு. இவ்விரு பொருளும் எத்துணை நெருங்கியவை என்பதைப் போர்க்காலத்துத் தாட்பணம் நன்கு விளக்குகின்றது. அயலார் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் வழங்கிய இருவகைத் தாள்களை ஈண்டு ஒப்பிட்டு நோக்குவோம்.

தென்னாப்பிரிக்காவிலுள்ள மேபெகிங் நகரை, 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை போயர் படையினர் முற்றுகையிட்டனர். மக்கள் காசைப் பதுக்கவே, கூலி கொடுக்கவும் பண்டம் வாங்கவும் பணமில்லாதாயிற்று. ஆங்கிலப் படைத்தலைவர் பேடன் பவல் 1 ஷில்லிங்கு முதல் 1 பவுன் வரை தாள்களை அச்சிடுவித்தார். பந்தாட்டக் கொட்டாப்புளி ஒன்றை அறுத்து, அம்மரத்திற் செதுக்கிய அச்சே 10 ஷில்லிங்குத் தாளுக்கு உதவிற்று. இவ்வாறு எளிய முறையிற் பிறந்த அத்தாள், பொதுச்சட்டம் மீண்டதும் அந்நகரத்து ஸ்டாண்டர்டு வங்கியிற் காசாக மாற்றப்படும் என்று உறுதி கூறிற்று. முற்றுகை நீங்கியபின் அவ்வுறுதி காக்கப்பட்டது. ஆயினும், பலர் தாளை மாற்றாது நினைவுப்பொருளாகவே வைத்துக்கொண்டனர்.

இனி, மலாயாவை நோக்குவோம். 1942 பிப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியர் தம் தாள்களை அங்கே பரப்பினர். 10 வெள்ளித் தாளில் வாழைமரம் பொறிக்கப்பட்டிருந்தமையால், மக்கள் அதனை ‘வாழைப்பழக் காசு’ என்றனர். கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பானிய அரசாங்கம் அத்தாளில் வாக்களித்திருந்தது. ஆனால், அவ்வாக்கிற்கு ஈடாகப் பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை. தொடக்கத்திற் சில தாள்களில் இருந்த வரிசை எண்ணும் பின்னர் மறைந்தது. செலவு மிகுந்தபோதெல்லாம் தாளும் மிகுந்தது. அரிசியின் விலை ஏறிக்கொண்டே சென்றது. 1945 செப்டம்பரில் மீண்டு வந்த ஆங்கிலேயர், அத்தாள் செல்லாது என்றனர். பழைய பணத்தை ஒளித்து வைத்திருந்தோர் பிழைத்தனர். நம் நாட்டிலிருந்து சென்று இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர்க்கோ, கூலியாகப் பெற்றுச் சேர்த்த தாள் வெறுங் காகிதமாயிற்று.

முன்னது மரத்துண்டில் அச்சிட்ட தாள். பின்னது வண்ணப் படத்தோடு பொலிந்த தாள். எனினும், முன்னது நிலைத்தது, பின்னது அழிந்தது. முன்னதில் அளவும், மாற்றித் தரும் இடமும், தருவோரும் தெளிவாயிருந்தமையே இதற்குக் காரணமாம். பொருளியல் நூல்கள் தாட்பணத்தின் மதிப்பைப் பலவாறு விரித்துரைக்கும். மலாயாத் தோட்டத் தொழிலாளியோ அதனைத் தம் உழைப்பின் இழப்பால் அறிந்தார். வெளியிடுவோரிடம் நாணயம் இல்லையெனில், வெளியிடும் நாணயத்தால் எளியோர்க்குப் பயன் என்னை?