புயலில் பயணமும் தவக்குலும்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னையைக் கடந்த தினம். வேளச்சேரியிலிருந்து சேலையூருக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட நம் சகோதரர் ஒருவரை மேடவாக்கத்தில் ஒரு கடைக்காரர் கைநீட்டி மறித்தார்.

"பாய், வண்டியை உள்ளே ஏத்துங்க. மரமெல்லாம் சாயுது."

"வீட்டில் உம்மா தனியாக இருக்காங்க. அல்லாஹ் மேல் பாரத்தைப் போட்டுப் போயிடுவேன்" என்றார் இவர்.

வாசகர்களே! இதுதானா தவக்குல்? ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பயணத்தில் குளிரும் மழையும் மிகுந்த இரவுகளில், அவரவர் தங்குமிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்க முஅத்தினுக்குக் கட்டளையிட்டார்கள் என ஹள்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் காணலாம். அத்தனை வலியுறுத்தப்பட்ட ஜமாஅத்துக்கே இச்சலுகை என்றால் நம் வியாபாரமும் விருந்தும் எம்மாத்திரம்!

காற்றை ஏசவும் கூடாது. அதன் நன்மையைக் கேட்டு, தீங்கைவிட்டுப் பாதுகாப்புத் தேடுவதே ஸுன்னத். மேகம் திரண்டால் நபியவர்களின் திருமுகம் மாறிவிடும் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். ஆது கூட்டத்தாரும் வேதனையைச் சுமந்து வந்த மேகத்தை மழை மேகமென்றுதானே எண்ணினார்கள்? அஞ்சுவது ஈமானுக்குக் குறைவல்ல.

சகோதரர் கடையின் மூலையில் லுஹர் தொழுதார், நான்கு ரக்அத்தாகவே. வேளச்சேரியிலிருந்து சேலையூர் கஸ்ருக்குரிய தூரமல்ல. புயல் அடித்தாலும் தூரம் கூடிவிடாது.

மாலையில் காற்று சட்டென்று அடங்கியது. இவர் சாவியை எடுத்தார். கடைக்காரர் விடவில்லை. புயலின் கண் கடக்கும்போது வரும் அமைதி அது. அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று சீறும். அப்படியே சீறிற்று. முதல் காற்றில் ஆடிப்போன மரங்கள் இரண்டாம் காற்றில் வேரோடு சாய்ந்தன. போனும் இல்லை, கரண்டும் இல்லை. அஸர், மஃரிப், இஷா மூன்றும் அந்த மூலையிலேயே. ஒவ்வொரு ஸுஜூதிலும் உம்மாவுக்காக துஆ.

மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் புறப்பட்டார். செம்பாக்கத்தில் சிலர் சாலையில் கிடந்த கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையல்லவா? வண்டியை நிறுத்திவிட்டு இவரும் கைகொடுத்தார். உம்மா கதவைத் திறந்தபோது மணி ஒன்பது.