எள் சிந்தாமல் களம் சேர…

எள் வயலில் பூச்சிக்கும் நோய்க்கும் தப்பிய விளைச்சல்கூட அறுப்பு நேரத்து அசட்டையில் போய்விடும். காய் வெடித்துவிட்டால் அவ்வளவுதான். ஆயிரம் எள் சேர்ந்தாலே ஏறத்தாழ 3 கிராம்தான். மண்ணில் கொட்டியதைப் பொறுக்க முடியுமா?

1. உச்சிக்காய் முற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள். எள் அடியிலிருந்து பூத்துக்கொண்டே மேலே போகும் செடி. நுனியில் பிஞ்சு இருக்கும்போதே அடிக்காய் வெடிக்கத் தயாராகிவிடும். அடிக்காயில்தான் மணி நன்றாகப் பருத்திருக்கும். நுனியில் நாலு பிஞ்சு போனால் போகட்டும்.

2. பல ரகங்களுக்கு வயது 80 முதல் 90 நாள். ஆனால் நாளை மட்டும் எண்ணி அரிவாளை எடுக்க வேண்டாம். அடி இலைகளில் கால்பங்கு உதிர்ந்து, தண்டு மஞ்சளித்து, செடியின் பாதி உயரம்வரை காய்களும் பழுப்பேறியிருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கீழிருந்து 10-வது காயைப் பிளந்து பாருங்கள். கறுப்பு எள்ளானால் உள்ளே மணி கறுத்திருக்கும். வயலின் நடுவிலும் இறங்கிப் பாருங்கள்; வரப்போரச் செடியை மட்டும் நம்பக்கூடாது.

3. ஆளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பக்குவம் வந்தபின் ஆள் தேடி அலையும் நாட்களில்தான் பாதி எள் போகிறது.

4. பனி ஈரம் காயுமுன் அறுத்துவிடுங்கள். உச்சி வெயிலில் செடியைத் தொட்டாலே காய் வாய் திறக்கும்.

5. அறுத்த செடியைத் தலைகீழாகப் பிடிக்கவே கூடாது. முற்றிய காய் ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள்: அது நுனியில்தான் பிளக்கும். நிமிர்ந்திருக்கும்வரை சின்னக் குப்பி மாதிரி மணியைத் தாங்கிக்கொண்டிருக்கும். கவிழ்த்தால் பொலபொலவென்று கொட்டிவிடும். செடிக்கட்டை வரப்பில் தொப்பென்று போடாதீர்கள். களம் தூரமென்றால் வயலிலேயே படுதா விரித்து வையுங்கள்.

6. களத்தில் செடிகளை வட்டமாக, நுனி உள்ளேயும் அடித்தண்டு வெளியேயும் இருக்கும்படி அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மூடுங்கள். 3 நாள் இந்தப் புழுக்கத்தில் இருந்தால் பச்சைக் காயும் பதமாகும். மாசிப்பட்ட எள் அறுப்புக்கு வரும்போது கோடைமழை குறுக்கிடும்; தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும். நனைந்த எள் நிறம் மாறிவிடும், வியாபாரி விலையைக் குறைப்பார்.

7. பிறகு படுதாவின்மேல் கவிழ்த்து உலுக்கினால் முக்கால்வாசி எள் உதிரும். செடியை ஒருநாள் வெயிலில் காயவிட்டு மறுபடி உலுக்குங்கள், மிச்சமும் வந்துவிடும். முதல் உலுக்கலில் விழுந்த எள்ளை விதைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

8. புடைத்த எள்ளை 3 நாள் வெயிலில், அவ்வப்போது கிளறிவிட்டுக் காயவையுங்கள்.

9. சாக்கைக் கவிழ்த்து உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகிய இடத்தில் எள் நழுவும். உள்ளே ஒரு பழைய வேட்டித் துணியை வைத்துத் தைத்துக் கொட்டுங்கள்.