பாடம் 7: ஏற்றும் பாரத்துக்கு ஏற்ற காற்று

ஊருக்குத் திரும்பும் நாளில் குடும்பத்தின் முழு உடைமையும் ஒரே வாகனத்தில் ஏறுகிறது. கூரைத் தகரம், சீமெந்து, அரிசி, சட்டி பானை, மண்வெட்டி, சைக்கிள் என எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து ஏற்றுவோம். ஆனால் அவ்வளவு பாரத்தையும் தாங்கப்போகும் ரயர்களைப் பார்க்க மறந்துவிடுவோம். புறப்படுமுன் என்ன பார்க்க வேண்டும், சாரதியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இந்தப் பாடம் சொல்கிறது.

காற்று ஏன் முக்கியம்?

பாரத்தைத் தாங்குவது ரயரின் இறப்பர் மட்டுமல்ல. உள்ளே அடைத்திருக்கும் காற்றுத்தான் அதிகம் தாங்குகிறது. பாரம் கூடும்போது காற்றும் கூட இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். அப்படி மடிவதால் சூடு ஏறும். வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியில் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். மத்தியான வெயிலில் அவ்வளவு தூரம் ஓடும்போது சூடு தாங்காமல் ரயர் வெடிக்கலாம்.

காற்று அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதிதான். ரயரின் நடுப்பகுதி மட்டும் வீதியில் படும், பிறேக் பிடிப்புக் குறையும். கிரவல் வீதியில் கூர்க்கல் பட்டால் ரயர் இலகுவில் கிழியும்.

முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு சிறிய லொறி 750 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏற்ற நினைப்பவை:

சீமெந்து 6 பை – 300 கிலோ
அரிசி 2 மூடை – 100 கிலோ
200 லீற்றர் தண்ணீர் நிரப்பிய பரல் – 200 கிலோ
பெரியவர்கள் 3 பேர் – 180 கிலோ
சிறுவர்கள் 2 பேர் – 50 கிலோ

மொத்தம் 830 கிலோ. தகரமும் சாமான்களும் இன்னும் இந்தக் கணக்கில் வரவில்லை. இவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு காற்று அடித்தாலும் சரிவராது. காற்றைக் கூட்டினால் லொறி தாங்கும் எல்லை கூடிவிடாது. எனவே பாரத்தைத்தான் குறைக்க வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டுப் பரலை வெறுமையாக ஏற்றுங்கள். குடிக்கத் தேவையான தண்ணீரைப் போத்தல்களில் கொண்டு செல்லுங்கள். பஸ் ஓடும் வழியென்றால் பெரியவர்களும் பிள்ளைகளும் பஸ்ஸில் வரட்டும். யாரும் பாரத்தின் மேல் ஏறி இருக்க வேண்டாம்.

சரியான அளவு எங்கே எழுதப்பட்டிருக்கும்?

சாரதியின் கதவைத் திறந்தால், கதவின் ஓரத்தில் அல்லது கதவு நிலையில் ஒரு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் உரிய அளவு அதில் தரப்பட்டிருக்கும். வெறும் வாகனத்துக்கு ஓர் அளவும் பாரம் ஏற்றிய வாகனத்துக்கு இன்னோர் அளவும் இருந்தால், பாரத்துக்குரிய அளவையே எடுங்கள்.

தகடு அழிந்துபோன பழைய வாகனம் என்றால் ரயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். அந்த ரயர் ஆகக் கூடுதலாகத் தாங்கும் பாரமும் அதற்குரிய காற்றும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அது மேல் எல்லை. அதைத் தாண்டக் கூடாது. ரயர் கடைக்காரரிடம் என்ன பாரம், எவ்வளவு தூரம் என்று சொல்லி அளவைக் கேட்டு அடியுங்கள்.

மோட்டார் சைக்கிளில் சங்கிலி மூடியிலோ அதன் அருகிலோ ஒட்டுத்தாள் இருக்கும். பின்னால் ஆளோ மூடையோ இருந்தால் பின் சில்லுக்குக் கூடிய அளவு வேண்டும். லான்ட்மாஸ்டர் வைத்திருப்போர், வயலில் உழுவதற்காகக் குறைத்த காற்றோடு பெட்டியில் பாரம் ஏற்றி வீதியில் இழுக்க வேண்டாம்.

எப்போது அளக்க வேண்டும்?

காலையில், வாகனம் ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். தகட்டில் உள்ளது குளிர்ந்த ரயருக்கான அளவு. ஓடிச் சூடான ரயர் 4, 5 இறாத்தல் கூடக் காட்டுவது வழமை. அதைக் கண்டு காற்றைத் திறந்து விடாதீர்கள். ரயர் ஆறியதும் காற்றுப் போதாமல் போய்விடும்.

கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ அளவைச் சொல்ல முடியாது. பின்னால் இரட்டைச் சில்லு உள்ள லொறியில் உட்சில்லில் காற்று இல்லாவிட்டாலும் வெளிச்சில்லு அதை மறைத்துவிடும். இரண்டையும் மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மேலதிகச் சில்லையும் அளக்கச் சொல்லுங்கள்.

கேட்கத் தயங்காதீர்கள்

"தம்பி, ரயருக்குக் காத்துப் பாத்தனீங்களோ?"

"அது காணும் அம்மா, பாத்தாலே தெரியும்."

"எங்கட பிள்ளையளும் வருகினம். போற வழியில ரயர் கடையில ஒருக்கா அளந்து போட்டுப் போவம்."

இப்படிக் கேட்பது சாரதியைக் குறை சொல்வது அல்ல. வாடகை கொடுப்பவர் நீங்கள், ஏற்றிச் செல்வது உங்கள் குடும்பத்தை. கடை கிட்ட இருந்தால் அளக்கச் சில நிமிடமே ஆகும். ரயரில் வெடிப்போ வீக்கமோ நூல் தெரியும் இடமோ இருந்தால் காற்று அடித்துப் பயனில்லை. வேறு வாகனம் கேளுங்கள்.

வழியில்

அரை மணி நேரம் ஓடியதும் ஒருமுறை நிறுத்திப் புறங்கையை ஒவ்வொரு ரயருக்கும் கிட்டக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சுட்டால் அதில் காற்றுக் குறைவாக இருக்கக்கூடும். ஆறவிட்டு அளந்த பின்னரே தொடருங்கள்.

ரயர் வெடித்தால் சாரதி பிறேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. சுக்கானை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட்டு நிறுத்த வேண்டும்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களிலும், வெடி அகற்றியது உறுதியாகாத உள்வீதிகளிலும் வாகனத்தை ஓரப் புல்லுக்கு இறக்க வேண்டாம். வாகனங்கள் ஓடும் தடத்திலேயே நிறுத்துங்கள். யாரும் வீதியை விட்டு இறங்கக் கூடாது. ஜக் வைக்கப் பலகை தேடியும், சில்லுக்கு அண்டை கொடுக்கக் கல் தேடியும், அடையாளத்துக்குக் குழை முறிக்கவும் பற்றைக்குள் போகாதீர்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்திருங்கள். இவற்றுக்கு வேண்டிய கல், பலகை, சிவப்புத் துணி எல்லாவற்றையும் புறப்படும்போதே வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் சரிபாருங்கள்

1. பாரத்தைக் கூட்டிப் பார்த்தோமா? எல்லைக்குள் இருக்கிறதா?
2. பாரத்துக்குரிய காற்று அளவு தெரியுமா?
3. எல்லாச் சில்லும் குளிர்ந்த நிலையில் அளக்கப்பட்டனவா?
4. மேலதிகச் சில்லு, ஜக், கல், பலகை வண்டியில் உள்ளனவா?
5. வழியில் வாகனம் நின்றால் வீதியை விட்டு இறங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

ஐந்துக்கும் "ஓம்" என்று சொல்ல முடிந்தால் புறப்படுங்கள்.