நாய்க்கு முடவாட்டுக்கால் கேட்டு வந்தால்

கொல்லிமலைச் சரக்கு என்றால் முன்பெல்லாம் மிளகு, காப்பிக்கொட்டை, மலைவாழை, அன்னாசி, சாமை என்றுதான் நம் கணக்கில் ஏறும். இப்போது செம்மேட்டிலும் சோளக்காட்டுச் சந்தையிலும் வண்டியை நிறுத்துகிறவர்கள் கேட்பது முடவாட்டுக்கால் கிழங்கை. உண்மையில் இது கிழங்கே அல்ல. பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணிச் செடியின் தண்டு. பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால் போல இருப்பதால் அந்தப் பெயர். மூட்டுவலிக்கு இதைச் சூப் வைத்துக் குடிப்பது மலைமக்கள் வழக்கம்.

இப்போது ஒரு புதுக் கேள்வியும் வருகிறது. "எங்க நாய் பின்னங்காலை ஊன்ற மாட்டேங்குது, இதைக் கொடுக்கலாமாங்க?" என்கிறார்கள். வியாபாரி வாயில் சட்டென்று "தாராளமா கொடுங்க" என்று வந்துவிடும். அங்கேதான் ஆபத்து.

இந்தச் சூப்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போடாத வீடு அபூர்வம். இவை இரண்டும் நாய், பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பச்சையாக இருந்தாலும், வெந்திருந்தாலும், பொடியாக இருந்தாலும் ஒன்றுதான். பூனைக்குச் சிறிய அளவே போதும். பாதிப்பு அன்றே தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். வீட்டுக்காரர் வெங்காயத்தை நினைக்கமாட்டார், கிழங்கு விற்ற கடையைத்தான் நினைப்பார். வெங்காயம், பூண்டு இல்லாமல் வைத்தால் என்ன என்றும் கேட்பார்கள். நாய்க்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் வகுத்த அளவு எதுவும் இதற்குக் கிடையாது. அளவில்லாத மருந்தை எடை போட்டுக் கொடுப்பது மளிகைக்காரர் வேலையல்ல.

மஞ்சளும் மிளகும் கலந்து கேட்பவர்களும் உண்டு. மஞ்சளின் சத்து உடம்பில் சேர மிளகு உதவும் என்பது 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியில் தெரிந்ததுதான். அது எலியிலும் மனிதரிலும் பார்த்தது, நாயில் அல்ல.

கல்லாவுக்கு மேலே தொங்கும் மாத்திரை அட்டை இன்னும் மோசம். ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிராணிக்கு என்று கேட்டால் கொடுக்கவே கூடாது.

பிறகு என்னதான் சொல்வது? சோற்றைக் குறைக்கச் சொல்லுங்கள். நமக்கு அரிசி விற்பனை குறையுமே என்று பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுவதும் கவனித்து 2002ல் முடிவு வெளியிட்டார்கள். கால் பங்கு குறைவாகத் தின்றவை சராசரியாக 13 வயது வரை இருந்தன. மற்றவை 11.2 வயது. மூட்டு வாதமும் முன்னவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. மூட்டுக்கு உதவும் உணவுச் சத்துகளில் நல்ல ஆதாரம் உள்ளது மீன் எண்ணெய். அதன் அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மலைக்குக் கீழே நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே அனுப்புங்கள். மத்தி மீனை உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கிக் கொஞ்சம் வைக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

கடைப் பலகை விஷயம் ஒன்று. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் பிராணிகளுக்கான மருந்தும் அடக்கம், வாத நோயும் அதன் பட்டியலில் உண்டு. அறிவிப்பு, லேபிள், பொட்டலக் காகிதம் எல்லாமே அதன்படி விளம்பரம்தான். "நாய் வாதம் குணமாகும்" என்று சாக்பீஸால் எழுதினாலும் வம்பு. "கொல்லிமலை முடவாட்டுக்கால், கிலோ இன்ன விலை" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.