தனியே ஒரு நாள் மலைநடை: பாக்ஸ் ஹில்லும் டோர்க்கிங்கும்

கோலியர்ஸ் வுட்டிலிருந்து 57 அல்லது 200 ஆம் எண் பேருந்தில் விம்பிள்டன் சென்று, பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிளில் நிற்கும் டோர்க்கிங் ரயிலில் ஏறலாம். அங்குள்ள 224 மீட்டர் உயரச் சுண்ணாம்புக் குன்று நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் உள்ளது. நடந்து ஏறுவோருக்குக் கட்டணமில்லை. அடிவாரத்தில் மோல் ஆற்றைப் படிக்கற்கள் மீது கடக்கலாம். நீர்மட்டம் உயர்ந்திருந்தால் அருகிலுள்ள நடைபாலத்தையே பயன்படுத்த வேண்டும். மாலையில் டோர்க்கிங் நகரில், அவ்வூர்ப் பெயர் தாங்கிய ஐவிரல் கோழியினத்தின் பெரிய சேவற்சிலையைக் காணலாம்.

தனியே செல்பவர் வழுக்கி விழுந்தால், அவரைத் தேடவேண்டும் என்பதே பிறருக்குத் தெரியாது. எனவே செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ கூறிவிட்டே புறப்பட வேண்டும். அந்நேரம் கடந்தும் அவரைத் தொடர்புகொள்ள இயலாவிடில், அவர்கள் 999 எண்ணை அழைத்துக் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும்.